டிரெய்லர் கடையில் கரண்ட் அடித்தால்: வயர்மேன் பதில்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் டிரெய்லரில் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் கேட்டவை.

அண்ணே, வண்டிக்குள்ள நின்னா ஒன்னும் தெரியல. கீழ ஈரத்துல நின்னு கைப்பிடியத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குது. ஏன்?

டயர் ரப்பர் என்பதால் வண்டிக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை, தங்கச்சி. உள்ளே ஏதோ ஒரு சாமான் கசிந்து, பாடி முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. உள்ளே நிற்பவருக்கு வண்டியின் அதே வோல்டேஜ், அதனால் தெரியாது. கீழே நிற்பவர் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். சாப்பாடு வாங்க வருகிறவரும் அங்கேதான் நிற்கிறார்!

வண்டியைத் தொடாமல், கரண்ட் எடுக்கும் இடத்திலேயே சுவிட்சை அடைத்து பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் நீளமான எர்த் பின்னுக்கும் சேசிசுக்கும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இடையே பாருங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் பச்சை-மஞ்சள் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. பெரும்பாலும் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். இரும்பு தெரியச் சுரண்டி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்க வேண்டும். கசிவது எது என்பதை வயர்மேன் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சாமானாகப் பார்ப்பார். முதல் சந்தேகம் தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட் மேல். அதுவரை கடை வேண்டாம்.

எர்த் ராடு அடிச்சுட்டேன். போதும்தானே?

போதாது, தம்பி. ராடுக்கும் மண்ணுக்கும் இடையே தடை 100 ஓம் என்று வையுங்கள். லைவ் வயர் பாடியில் பட்டால் 230-ஐ 100-ஆல் வகுத்து 2.3 ஆம்பியர்தான் ஓடும். 13 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது, பாடியில் வோல்டேஜ் அப்படியே நிற்கும். அதை வெட்டுவது இ.எல்.சி.பி.தான் (கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் சுவிட்ச்). வீட்டு மெயினில் பொதுவாக இருக்கும் 100 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது. 1994 மின்சார ஒழுங்குமுறைகள் ஈரத் தரைக்குக் கேட்பது 10 மில்லி ஆம்பியர். வண்டிக்குள் அதையே போடச் சொல்வேன். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றுகிறவர்களும் உண்டு. கசிவு இருப்பதால்தானே ட்ரிப் ஆகிறது!

இ.எல்.சி.பி. டெஸ்ட் பட்டன் அழுத்தினா ட்ரிப் ஆகுது. அப்ப எர்த் நல்லா இருக்குதானே?

சம்பந்தமே இல்லை. எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) ஜெனரேட்டர்தான், அண்ணே. அதுக்கும் இதே இ.எல்.சி.பி. போதுமா?

சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. கரண்ட் திரும்ப வழியில்லாததால், லைவ் பாடியில் பட்டாலும் இ.எல்.சி.பி. ட்ரிப் ஆகாது. இரண்டாவது கசிவு வந்தால்தான் ஆபத்து வெளியே தெரியும். ஜெனரேட்டர் பக்கம் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் வயர்மேனை வைத்து இணையுங்கள். வண்டிக்குள் இணைத்தால், டி.என்.பி. (மின்சார நிறுவனம்) கரண்டுக்கு மாறும்போது நியூட்ரல் கரண்ட் எர்த் வயரில் ஓடும்.

ரீல் வயர் சூடாகுது.

முழுக்க இழுத்து விடுங்கள். சுற்றியபடியே ஃப்ரீசரும் அடுப்பும் போட்டால் உள்சுற்று உருகும். ஜாயின்ட் ஈரத்தில் கிடக்கக் கூடாது.