அவசரப் பிரிவு வாசலில் பூந்தொட்டி காரை நிறுத்துமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் 40 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். போன மாதம் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். அவசரப் பிரிவுக் கண்ணாடிக் கதவுக்கு இரண்டடி முன்னால் கார் நின்றது. சிமென்ட் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தால் போதுமா? தோட்டத்தில் பழைய போர்வெல் கேசிங் பைப் கிடக்கிறது, அதை நட்டுக்கொள்ளலாமா?

பதில்: பூந்தொட்டி வேண்டாங்க, மண்ணில் ஊன்றிய தடுப்புத் தூண்தான் வேண்டும். நின்ற இடத்திலிருந்து முழுசாக மிதித்தால் பத்தே மீட்டரில் கார் 25, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும், அதே கார் சுமார் பதினொன்றரை அடி உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றுதான். டைல்ஸ் தரையில் தொட்டி வழுக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அடிக்கும். நாலு அங்குல சிமென்ட் கட்டை மேல் டயர் ஏறிவிடும்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள்ளேயே புகுந்து, ஓட்டி வந்தவர் இறந்தார், உள்ளே இருந்தவர்கள் காயப்பட்டார்கள். அதன்பிறகு புதிய மருத்துவமனைகளுக்குத் தடுப்புத் தூண்களை அந்த நகரம் கட்டாயமாக்கியது. உங்களுக்கு அந்தப் பாடம் இரண்டடி மிச்சத்தில் கிடைத்திருக்கிறது.

கேசிங் பைப் விஷயம். பிவிசி என்றால் பேச்சே இல்லை. இரும்பு என்றாலும் நம் ஊர் கேசிங் தகடு மெல்லிசு, அதிலும் பழையது துருப்பிடித்திருக்கும். ஆறு அங்குல எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புப் பைப், சுவர் கனம் 7 மில்லிமீட்டர், உள்ளே கான்கிரீட் நிரப்பியது, தரைக்கு மேல் மூன்றடிக்குக் குறையாமல்: இதைக் கேளுங்கள். கோவைப் பட்டறைகளில் சாதாரணமாகச் செய்து தருவார்கள்.

ஆனால் தூணின் பலம் மண்ணுக்குள் இருக்கிறது. அடியில் தகடு வைத்து, டைல்ஸ் மேல் நாலு ஆங்கர் போல்ட் முடுக்கிவிட்டு, பளபள ஸ்டெயின்லெஸ் தூண் என்று காட்டுவார்கள். கார் மோதினால் போல்ட், டைல்ஸ், அடியிலிருக்கும் நாலு அங்குல கான்கிரீட் எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து வரும். அந்த கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குழி மூன்று, நாலு அடி ஆழம் வேண்டும். நம் பக்கம் இரண்டடியிலேயே பாறை தட்டும். அப்போது ஆழத்தை விட்டுவிட்டு அகலத்துக்குப் போக வேண்டும்: எல்லாத் தூண்களையும் ஒரே கம்பிக்கூட்டில் கட்டி, அகலமான ஒற்றைக் கான்கிரீட் படுகையாகப் போடுவது. அதன் அளவை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் கண்ணளவு ஆகாது. போட்டபின் ஒரு வாரமாவது தண்ணீர் விடுங்கள். நம் ஆட்கள் இரண்டாம் நாளே மறந்துவிடுவார்கள்.

தூணுக்குத் தூண் நாலடி இடைவெளி விடுங்கள். ஸ்ட்ரெச்சரும் சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும், ஆட்டோகூட நுழையாது. புல்லட் பைக் நுழையும், அதைத் தடுக்க வாட்ச்மேன்தான். அவருடைய நாற்காலியைத் தூண் வரிசைக்கு உள்பக்கம் போடுங்கள், வரிசையை ஒட்டி அல்ல. இடி வாங்கினால் தூணும் கொஞ்சம் சாயும். தீயணைப்பு வண்டி வரும் வழி குறுக்கிட்டால் அங்கே மட்டும் பூட்டிக் கழற்றும் தூண்.

தோண்டும் முன் ஆக்சிஜன் லைன், கேபிள், சம்ப் எங்கே ஓடுகின்றன என்று பழைய வரைபடத்தில் பாருங்கள். பிறகு தூண் வரும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, மணல் மூட்டை நிறுத்தி, இரண்டு ராத்திரி 108 வண்டி ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கட்டும். டிரைவர் எந்த மூட்டையைத் தட்டுகிறாரோ, அந்த வட்டத்தை நகர்த்திவிட்டுத் தோண்டுங்கள்.