கவிழ்த்த சீட்டு, நாலு சேர்: கேள்வி பதில்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறன்று சேர்ந்து ஆடிய மெமரி ஆட்டம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில்கள் இதோ.

அல்சூர் வாசகி: அக்கா, இதைக் கடையில் வாங்கணுமா?

வீட்டுச் சீட்டுக்கட்டே போதும். இரண்டு முதல் ஏழு வரை எடுத்தால் 24 சீட்டு. கவிழ்த்து, வரிசைக்கு ஆறாக அடுக்குங்கள். ஒரு முறைக்கு இரண்டு சீட்டைப் புரட்டலாம். எண் ஒத்துப்போனால் எடுத்துக்கொண்டு மறுபடி ஆடலாம். இல்லையென்றால் எல்லோரும் பார்த்தபின் அதே இடத்தில் கவிழ்த்துவிடணும். ஜோடிக்கு 1 புள்ளி. ஒரே எண்ணின் நாலும் ஒருவரிடம் சேர்ந்தால் 5.

அந்த 5 புள்ளியில்தான் ஆட்டமே சூடுபிடிக்கும். பக்கத்தில் இருப்பவர் ஏழில் ஒரு ஜோடி எடுத்துவிட்டாரா, மிச்ச இரண்டு ஏழை அவருக்கு விட்டுவிடாதீர்கள். பல்லாங்குழி ஆடிய வீடுகளுக்கு இது பழகியதுதான். குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று அள்ளுவோமே.

இந்திரா நகர் வாசகர்: எனக்கு ஞாபகசக்தி நல்லாவே இருக்கு. ஆனாலும் தங்கைகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். ஏதாவது உபாயம் உண்டா?

உண்டு. ஒரு ஜோடியும் எங்கே என்று தெரியாதபோது, முதலில் புரட்டுவது யாரும் பார்க்காத சீட்டாக இருக்கட்டும். ஐந்து எங்கே இருக்கிறதென்று தெரியும் என்பதற்காக அதை முதலில் புரட்டினால் இன்னொரு ஐந்து மட்டும்தான் உங்களுக்கு உதவும். புதிய சீட்டு, தெரிந்த எந்த எண்ணாக வந்தாலும் உதவும்.

இரண்டாவது சீட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு, மூன்று, ஆறு ஆகிய எண்களில் ஒவ்வொரு சீட்டு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் நாலைப் புரட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பார்க்காத சீட்டு இன்னும் 20. அவற்றில் நாலு எண் சீட்டுகள் மூன்றுதான். இரண்டு, மூன்று, ஆறு எண் சீட்டுகள் சேர்த்து ஒன்பது! உங்களுக்கு மூன்று வழி, தங்கைக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க ஒன்பது வழி. அந்த நேரத்தில் ஏற்கெனவே பார்த்த சீட்டையே திருப்பிப் புரட்டிவிட்டு முறையை விடுங்கள். இதை ஏமாற்று என்று சண்டைக்கு வருவார்கள், ஆனால் விதிக்கு உட்பட்ட நல்ல ஆட்டம் இது. ஊரி ஸ்விக், மைக் பேட்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் ஜோடி ஆட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, மறதியே இல்லாத இருவர் ஆடினால் சில கட்டங்களில் தெரிந்த சீட்டைப் புரட்டுவதே சிறந்தது என்று காட்டியிருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் மறதிக்காரர் என்றால் மட்டும் தைரியமாகப் புதியதைப் புரட்டுங்கள்.

எல்லாச் சீட்டையும் மனதில் வைக்கப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்கு மேல் பிடித்துவைப்பது யாருக்குமே சிரமம். உங்களிடம் ஜோடி சேர்ந்த எண்களின் மிச்சம் எங்கே என்பதை விடாமல் பிடித்தால் போதும்.

ஒயிட்ஃபீல்டு அம்மா: பையனுக்கு ஆறு வயசு. தோத்தா அழறான். விட்டுக்கொடுத்துடலாமா?

வேண்டாம்மா. நீங்கள் தெரிந்தே தப்பாகப் புரட்டினால் அவனுக்குப் புரிந்துவிடும், அப்புறம் ஜெயித்தாலும் சந்தோஷம் இருக்காது. சீட்டைக் குறையுங்கள். மூன்று எண், 12 சீட்டு. அதில் நீங்கள் முழு மூச்சாக ஆடினாலும் அவனுக்கு ஜெயிக்க வாய்ப்பு இருக்கும்.

ஜெயநகர் வாசகி: இது வெளிநாட்டு ஆட்டமா?

'மெமரி' என்ற பெயரில் படச்சீட்டுப் பெட்டியாக ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959இல் வெளியிட்டது. ஜோடி தேடுவது அதைவிடப் பழசு. ஜப்பானில் கைஅவாசே என்ற ஆட்டத்தில் சிப்பியின் இரண்டு பாதிகளைச் சேர்ப்பார்கள். ஒரு சிப்பியின் பாதி இன்னொரு சிப்பியோடு பொருந்தாது என்பதால் சரியா தப்பா என்று வாதமே வராது.

பானஸ்வாடி அப்பா: பொண்ணு ஸ்கூல்ல கன்னடம் படிக்கிறா. அதுக்கு உதவுமா?

நாலு சீட்டை ஒரு செட்டாக்குங்கள்: படம், தமிழ்ச் சொல், கன்னடச் சொல், ஆங்கிலச் சொல். தடித்த அட்டையாக வாங்குங்கள், அவென்யூ ரோட்டில் கிடைக்கும். பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். மூலை மடங்கிய சீட்டைக் குழந்தைகள் உடனே அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

கே.ஆர். புரம் வாசகி: மாமியாருக்கு மறதி கூடிட்டே போகுது. தினமும் ஆடினா சரியாகுமா அக்கா?

ஆடட்டும், பேரப்பிள்ளைகளோடு நன்றாகப் பொழுது போகும். ஆனால் ஆடி ஆடி வருவது இந்த ஆட்டத்தில் தேர்ச்சிதான். இதை மருந்தென்று நம்பி இருந்துவிடாதீர்கள். மறதி கூடிக்கொண்டே போனால் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

அல்சூர் வாசகி: புள்ளி சமமா வந்தா?

யாரிடம் நாலு சீட்டுச் செட் அதிகமோ அவருக்கு வெற்றி.