ஷேக்ஸ்பியரோட 'ஒத்தெல்லோ' நாடகத்துல, ஒரு கைக்குட்டைக்காகத் தளபதி ஒத்தெல்லோ பொண்டாட்டியையே கொல்றது நம்புற மாதிரி இல்லன்னு கேட்டீங்க

கைக்குட்டையால அவன் பொண்டாட்டி வேற ஒருத்தன்கூட இருக்காளோன்னு சந்தேகப்படல, சந்தேகம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. உங்களுக்கு இடறுறதுக்குக் காரணம் நீங்க அதை ஆரம்பம்னு எடுத்துக்கிட்டதுதான்னு நினைக்கிறேன்.

மூணாவது அங்கம் மூணாவது காட்சிய திரும்பப் படிங்க, கைக்குட்டை கீழ விழுற இடத்துல ஒரு கோடு போட்டுட்டு அதுக்கு மேல அவன் தனியா என்ன பேசுறான்னு பாருங்க. நான் கருப்பன், நயமா பேசத் தெரியாது, வயசும் இறங்கிருச்சு, அதான் அவ போயிட்டாளோன்னு தானே காரணம் தேடுறான். அப்புறம் அவன் பொண்டாட்டி டெஸ்டிமோனா வர்றா, தலை வலிக்குதுன்னு அவன் சொன்னதும் அந்தக் கைக்குட்டைய எடுத்து அவன் நெத்தியில கட்டப் போறா, இது பத்தாதுன்னு சொல்லி அவன்தான் தட்டி விடுறான், கீழ விழுது, விட்டுத்தள்ளுன்னும் அவனே சொல்றான்! பிற்பாடு அதையே எங்கன்னு கேட்டு அவள உலுக்குறான். எனக்கு மொத்த நாடகத்துலயும் மனச அறுக்குற இடம் இதுதான்.

நம்ம வீடுகள்லயும் இப்படித்தான் நடக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல ஆன்லைன்ல இருந்தியே யார்கூடன்னு சண்டை வரும், ஆனா அந்தப் புருஷனுக்கு வேலை போனதுல இருந்தே இவ நம்மள மதிக்கலன்னு ஒரு பயம் உள்ள ஓடிக்கிட்டு இருந்திருக்கும், போன் அதுக்கு ஒரு சாட்சி மட்டும்தான்.

ஒண்ணு கவனம், கட்டுரை எழுதும்போது, ஒத்தெல்லோ மனசுல இந்தச் சந்தேகத்தத் தூண்டிவிடுற யாகோவையும் இதே கணக்குல சேர்த்துடாதீங்க. ஒத்தெல்லோ படையில இன்னொரு அதிகாரியான காசியோவுக்குப் போன பதவி தனக்கு வரலங்கிற எரிச்சல்தான் அவன் முதல்ல சொல்றது, அது ஆபீஸ் பொறாமை, வேற ரகம்.