கோளாறான எலெக்ட்ரிக் காரைக் கம்பெனி தலையிலேயே திருப்பிக் கட்ட முடியுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் போன வருடம் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் கார் ஓடும்போதே அடிக்கடி பவர் குறைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு தடவையும் ஏதோ சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். லெமன் லா (எத்தனை ரிப்பேர் செய்தும் சரியாகாத 'லெமன்' வண்டிகளுக்கான சட்டம்) வழியாகக் கம்பெனியையே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வைக்க முடியுமா? வக்கீலுக்கு எவ்வளவு செலவாகும்?

முடியும். எங்கள் வீட்டு வண்டியையே கம்பெனி பணத்தைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. எந்தக் கம்பெனி என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன், பேசி முடித்துக்கொண்ட விஷயம். நான் வக்கீல் இல்லை. ஃப்ரீமாண்டில் குடியிருந்துகொண்டு சான் ஹோசேவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். உங்கள் வழக்குக்கு என்று கேட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். போவதற்கு முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நான் சொல்ல முடியும்.

எங்கள் வண்டிக்கும் உங்களுக்கு வந்த நோய்தான். 680 ஹைவேயில் சுனோல் ஏற்றம் ஏறும்போது திடீரென்று பவர் இறங்கும். எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. பின்னால் வரும் டிரக்காரன் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு வருவான். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள் என்று திரையில் ஒரு வரி வரும். ஓரம் கட்டி, அணைத்து, கதவைப் பூட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாலோ, அங்கே சமர்த்துப் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அடிப்படை, 1970ல் வந்த சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டம். வாரண்டிக்குள் வரும் ஒரு கோளாறு வண்டியின் பயனையோ மதிப்பையோ பாதுகாப்பையோ கணிசமாகக் கெடுக்கிறது, நியாயமான அளவு வாய்ப்புக் கொடுத்தும் கம்பெனியால் அதைச் சரிசெய்ய முடியவில்லை என்றால், வண்டியை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வேறு வண்டி வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. லீஸ் எடுத்த வண்டிக்கும் இது பொருந்தும்.

நியாயமான அளவு என்றால் எத்தனை தடவை? அதற்கு, அதே சட்டத்தோடு சேர்ந்த டேனர் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. வாங்கிய 18 மாதம் அல்லது 18,000 மைல், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒரே கோளாறுக்கு இரண்டு தடவையாவது, மற்றக் கோளாறு என்றால் நான்கு தடவையாவது ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால், அல்லது ரிப்பேருக்காக வண்டி மொத்தம் 30 நாளுக்கு மேல் அங்கே கிடந்திருந்தால், போதுமான வாய்ப்புக் கொடுத்துவிட்டீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். பலர் 18 மாதத்தைக் கெடு என்று நினைத்துக்கொண்டு, 20வது மாதத்தில் கையை விரித்துவிடுகிறார்கள். அது கெடு இல்லை. அதற்குப் பிறகும் வாரண்டி இருக்கும்வரை கேட்கலாம், நிரூபிக்கும் சுமை மட்டும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

எலெக்ட்ரிக் காருக்கு இதில் 30 நாள் கணக்குதான் கைகொடுக்கும். பேட்டரி மாட்யூலோ சார்ஜரோ மாற்ற வேண்டும் என்றால் பாகம் வரும்வரை வண்டி ஒரு மூலையில் கிடக்கும். ஹை வோல்டேஜில் கைவைக்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் ஒரு சர்வீஸ் சென்டரில் ஓரிருவர்தான் இருப்பார்கள். அவர் லீவில் போனால் வண்டியும் லீவு. கிடக்கும் நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, ஒரே கோளாறுக்காக என்றும் இல்லை. சனி ஞாயிறும் சேர்த்தி. அதுவரை ஓட்ட லோனர் கார் கொடுத்தார்கள் என்பதால் கணக்கு நிற்காது. கம்பெனியின் கைமீறிய காரணத்தால் ரிப்பேர் செய்ய முடியாமல் போனால் மட்டும் நாள் நீளும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. பாகம் வரவில்லை என்பதையே கைமீறிய காரணமாகக் காட்டப் பார்ப்பார்கள். அதை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு எல்லாம் நிற்பது ஒரே ஒரு காகிதத்தில்: ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ரிப்பேர் ஆர்டர். வண்டி எத்தனை தடவை ஹைவேயில் காலை வாரியிருந்தாலும், அந்தக் காகிதத்தில் ஏறாவிட்டால் கம்பெனியைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. அதில் பார்க்க வேண்டியவை: உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, இரண்டு தடவையும் மைல், நீங்கள் சொன்ன புகார், அவர்கள் கண்டுபிடித்தது, செய்த வேலை. "கஸ்டமர் ஸ்டேட்ஸ்" (வாடிக்கையாளர் சொல்வது) என்று தொடங்கும் வரி உங்களுடையது. எங்கள் காகிதம் ஒன்றில் அந்த இடத்தில் "வாகனத்தைப் பரிசோதிக்கும்படி வாடிக்கையாளர் கேட்கிறார்" என்று மட்டும் சர்வீஸ் சென்டர் அட்வைசர் தட்டியிருந்தார். கவுண்டரை விட்டு நகராமல், "ஹைவேயில் 65 மைல் வேகத்தில் பவர் இறங்கியது, ஓரம் கட்டச் சொல்லும் எச்சரிக்கை வந்தது, மறுபடி நடந்திருக்கிறது" என்று மாற்றி எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு முகம் கறுத்துப்போனது. போகட்டும், கல்யாணத்துக்கா அழைக்கப் போகிறோம்?

புகார் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைகளில் இருக்கட்டும். இன்றைக்குப் பவர் இல்லை, அடுத்த மாதம் வண்டி குலுங்குகிறது, அதற்கடுத்து எச்சரிக்கை விளக்கு என்று எழுதினால் மூன்றும் மூன்று வேறு கோளாறு என்று வாதாடுவார்கள். "கோளாறு தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அது ஒரு தடவைதான். வருத்தப்படாமல் வாங்கி ஃபைலில் வையுங்கள். எச்சரிக்கை வரும்போது பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும், திரையில் தேதியும் மைலும் தெரிகிற மாதிரி.

அடுத்து நீங்கள் சொன்ன சாஃப்ட்வேர் அப்டேட். பெட்ரோல் காரில் அதிகம் இல்லாத சிக்கல் இது. "வண்டியைக் கொண்டுவர வேண்டாம், ராத்திரி காற்றுவழியாகவே அப்டேட் அனுப்புகிறோம்" என்பார்கள். நமக்கும் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். அந்த வழியில் போனால் உள்ளே வந்த தேதியும் இல்லை, காகிதமும் இல்லை. புகாருக்காக அனுப்பும் அப்டேட் என்றால் அதற்கு ரிப்பேர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் வண்டியை நேரில் கொண்டுபோய் விடுங்கள். வீட்டுக்கே வரும் மொபைல் சர்வீஸுக்கும் இதே விதி. ஆப்பில் நடந்த சாட்டை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரீகால் (கோளாறுக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வந்தாலே லெமன் ஆகிவிடுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தானாக ஆகாது. செவ்ரோலே போல்ட் எலெக்ட்ரிக் காரின் கதை நினைவிருக்கும். பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 2021ல் ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாப் போல்ட்களையும், கிட்டத்தட்ட 1,42,000 வண்டிகளை, திரும்ப அழைத்தது. 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், சார்ஜ் முடிந்ததும் வெளியில் நிறுத்துங்கள் என்றார்கள்; மாற்று பேட்டரி உடனே கிடைக்கவில்லை. அப்போது சிலரிடமிருந்து கம்பெனியே வண்டியைத் திரும்ப வாங்கியது, எல்லோரிடமிருந்தும் அல்ல. ரீகால் நோட்டீஸ் உங்கள் பக்கம் பேசும் நல்ல சாட்சி, அவ்வளவே. அதேபோல, ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) வருடத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்பதை வைத்து லெமன் கேட்டால் எடுபடாது. பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருட வாரண்டி கொடுத்து, அதன் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பார்ப்போம் என்கின்றன.

பணம். வண்டி விலை, சேல்ஸ் டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், கட்டிய கடன் வட்டி, வண்டியை டோ செய்து இழுத்துப்போன செலவு, வாடகைக் கார் எல்லாம் திரும்ப வரும். கழிப்பது, நீங்கள் நன்றாக ஓட்டிய மைலுக்கான தொகை: விலையை, அந்தக் கோளாறுக்காக முதல் தடவை கொண்டுபோனபோது இருந்த மைலால் பெருக்கி, 1,20,000ஆல் வகுக்க வேண்டும். 54,000 டாலர் வண்டியை 6,000 மைலில் கொண்டுபோயிருந்தால் கழிவது 2,700 டாலர். அந்த முதல் காகிதத்தில் புகார் சரியாக எழுதப்படாமல், 12,000 மைலில் போனதுதான் கணக்கில் வருகிறது என்றால் 5,400. அட்வைசரிடம் நான் ஏன் அப்படி மல்லுக்கு நின்றேன் என்று இப்போது புரியும். கடன் பாக்கியை நேராக பேங்குக்குக் கட்டிவிட்டு மீதியை உங்களுக்கு அனுப்புவார்கள்.

டீலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பொறுப்பு வண்டியைச் செய்த கம்பெனியுடையது. வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும் முகவரிக்கு, வண்டியின் வின் நம்பர் (அடையாள எண்), ரிப்பேர் வரலாறு, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கை மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். 2024ல் வந்த ஏபி 1755 சட்டத்துக்குப் பிறகு இந்தக் கடிதத்துக்கு மதிப்புக் கூடிவிட்டது. விருப்பப்பட்டு அதில் சேர்ந்துகொண்ட கம்பெனிகள் மேல் அபராதம் கேட்டு வழக்குப் போட, 30 நாளுக்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அந்தக் கம்பெனிகள் மேல் வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்குள், எப்படியானாலும் வண்டி கைக்கு வந்த ஆறு வருடத்துக்குள், வழக்கு போட வேண்டும். எல்லாக் கம்பெனியும் சேரவில்லை. மாநில நுகர்வோர் விவகாரத் துறை பட்டியல் வெளியிட்டிருக்கிறது, உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடிதம் போனதும் எங்களுக்கு வந்த பதில், இரண்டு மாதத் தவணையைத் தருகிறோம், கூடவே சர்வீஸ் பிளான் இலவசம், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்பது. "ஏங்க, அந்த வண்டியில பிள்ளைய ஏத்திக்கிட்டு நான் மறுபடி சுனோல் ஏறணுமா?" என்று என் மனைவி கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த மாதிரி சலுகைக்குக் கையெழுத்துப் போட்டால், இதே கோளாறுக்கு இனி உரிமை கேட்க மாட்டேன் என்ற வரி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். படித்துப் பாருங்கள்.

அதன் பிறகுதான் வக்கீலிடம் போனோம். நீங்கள் கேட்ட செலவுக்குப் பதில்: ஜெயித்தால் வக்கீல் ஃபீஸைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் இந்த வழக்குகளைப் பார்ப்பவர்கள் பொதுவாக நம்மிடம் முன்பணம் கேட்பதில்லை. கம்பெனி வேண்டுமென்றே இழுத்தடித்தது என்று நிரூபித்தால், நஷ்டத்தின் இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. நமக்கு வரும் தொகையிலோ அபராதத்திலோ வக்கீல் பங்கு எடுப்பாரா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆர்பிட்ரேஷனுக்குத்தான் (கோர்ட்டுக்கு வெளியே நடுவரிடம்) போக வேண்டும் என்று மிரட்டினால், டீலரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டிக் கம்பெனி அப்படி இழுக்க முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஃபோர்டு வழக்கில் 2025ல் சொல்லியிருக்கிறது. டீலரே இல்லாமல் நேரடியாக விற்கும் கம்பெனியின் ஒப்பந்தம் வேறு. அதில் நீங்களும் அவர்களும்தான் கையெழுத்து. வாங்கிய புதிதிலேயே கடிதம் எழுதி ஆர்பிட்ரேஷனிலிருந்து விலகும் வாய்ப்பு அதில் இருந்தால் தவறவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டாக வாங்கிய நண்பர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. பழைய வாரண்டி மீதமிருக்கிறது என்பதாலேயே அது இந்தச் சட்டத்தின்படி புதிய வண்டி ஆகிவிடாது என்று அதே நீதிமன்றம் ரோட்ரிகஸ் வழக்கில் 2024 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டெக்சாஸ்காரர்களுக்குக் கோர்ட்டுக்கு முன் வேறு வழி இருக்கிறது: மாநில மோட்டார் வாகனத் துறையிடமே 35 டாலர் கட்டிப் புகார் கொடுக்கலாம். "நம்ம ஊர்லயும் இப்படிச் சட்டம் இருக்கா மச்சான்?" என்று சென்னையிலிருந்து என் தங்கை மாப்பிள்ளை கேட்டார். லெமன் லா என்று தனியாக இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போய், உற்பத்திக் குறைபாடு என்று காட்டி, பணத்தையோ வேறு வண்டியையோ கேட்க வேண்டும். அங்கேயும் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டுதான் பேசும்.

கம்பெனியோடு பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ரகசியமாக வைக்கச் சொல்லலாம்; வண்டியின் கோளாறைப் பற்றிப் பேசக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் எழுதி வாங்க முடியாது. திரும்ப எடுத்த வண்டியை மறுபடி விற்றால், அதன் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) லெமன் என்று முத்திரை இருக்கும், கதவு ஃப்ரேமில் ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். பழைய எலெக்ட்ரிக் கார் பார்க்கப் போகிறவர்கள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அதைத் தேடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, மைலைக் குறித்து, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டோல் கட்டும் ஃபாஸ்ட்ராக்கைக் கழற்றுங்கள். வீட்டு கராஜ் கதவைத் திறக்கும் குறியீடு, நேவிகேஷனில் உள்ள வீட்டு முகவரி, ஃபோன் சாவி எல்லாவற்றையும் அழித்து, ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். கடன் தீர்ந்தது என்று பேங்கிடமிருந்து கடிதம் வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். ஒரு தவணை தவறினாலும் அடி விழுவது உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு.