கடலடி மண்ணை வைத்துப் பல ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பருவக்காற்றை எப்படிக் கணிக்கிறார்கள்?

எம்.எஸ்சி. நிலவியல் படித்தபோது ஆறு மாதம் இதே வேலையாகத்தான் கிடந்தேன்.

இதில் சாட்சி சொல்வது குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. பள்ளியில் படம் வரைந்த அமீபா மாதிரியே பொய்க்கால் நீட்டி இரை பிடிக்கும், வம்சம் வேறு. அமீபா வெறும் உடம்போடு திரியும், இது சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் நாலு பொரி உருண்டையை ஒட்டவைத்து நடுவில் பெரிய ஓட்டை போட்டது மாதிரி இருக்கும்.

குளிர்ந்த நீரை விரும்பும் இந்த உயிரிக்கு அரபிக்கடலில் என்ன வேலை? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரமாக வீசி மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் ஏறி வரும். பாசி பெருகும். புல்லாய்டஸுக்குக் கொண்டாட்டம்! ஆயுள் முடிந்ததும் ஓடு அடியில் போய்ப் படியும். காற்று பலமாக இருந்த காலத்து மண் அடுக்கில் மற்ற இனங்களைவிட இதன் பங்கு கூடும். அடுக்கின் வயதையும் அதே ஓடுகளிலுள்ள கார்பன் 14, அதாவது காலப்போக்கில் சீராகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன், சொல்லிவிடும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குழாய் இறக்கி எடுத்த மண்ணைத் துண்டு போட்டு, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி, ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு மண் மாதிரிக்குச் சுமார் 300. அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்குப் புரியும், அரிசியே தூசி அளவு என்று வைத்துக்கொண்டால். மே மாத வெயிலிலும் ஃபேன் போட முடியாது. ஒருநாள் 240 ஓடுகளை ஸ்லைடில் அடுக்கி, இன்னும் பசை வைக்காத நேரத்தில் தும்மித் தொலைத்தேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

ஒரு விஷயம்: இது காட்டுவது காற்றின் பலத்தை, ஊரில் பெய்த மழையின் அளவை அல்ல. அதிலும் தென்மேற்குக் காற்றை. சென்னை நம்பியிருப்பதோ அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை. ஓமன் கரை மண்ணை வைத்துத் தமிழ்நாட்டுப் பழைய பஞ்சங்களுக்குக் கணக்குச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி வந்தால், நான் அதைத் திறப்பதில்லை.