சிட்னியில் ஐரிஷ்காரர்களின் தடம்: எங்கே தொடங்கலாம்?

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய ஒரு பிரிவினரைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். ஐரிஷ்காரர்களை எடுத்திருக்கிறாள். தேடினால் கொள்ளைக்காரன் நெட் கெல்லிதான் வருகிறான். ஒரு சனிக்கிழமை இருக்கிறது, எங்கே கூட்டிப்போகலாம்? (வாசகி, சிட்னி)

பதில்: நெட் கெல்லியை விட்டுவிடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் அவனைத்தான் எழுதுவார்கள். மக்குவாரி தெருவில் இருக்கும் ஹைட் பார்க் பாரக்ஸுக்குப் போங்கள். நாடு கடத்தி இங்கே அனுப்பப்பட்ட ஆண் கைதிகளுக்காக 1819இல் திறந்த கட்டடம் அது. 1848இலிருந்து, கப்பலில் வந்திறங்கிய பெண்கள் வேலை கிடைக்கும்வரை தங்கும் இடமானது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். கதியற்றவர்களைச் சேர்த்து வேலை வாங்கிய விடுதிகள் நிரம்பி வழிந்தன. இங்கேயோ வீட்டுவேலைக்கு ஆள் பஞ்சம், பெண்களும் குறைவு. இரண்டுக்கும் ஒரே வழியாக, 1848 முதல் 1850 வரை அந்த விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களை லண்டன் அரசு கப்பலேற்றியது. அனாதைகள் என்றுதான் பெயர். சிலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். சிட்னி, மெல்பர்ன் பத்திரிகைகள் 'வேலை தெரியாதவர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று எழுதித் தீர்த்தன. வந்திறங்குபவர்களைப் பற்றி இன்றும் வரும் எழுத்துகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய தொனிதான். எதிர்ப்பு வலுத்ததில் திட்டமே நின்றுபோனது.

மகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இவர்கள் கைதிகள் அல்ல. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

உள்ளே, தரைப்பலகைக்கு அடியில் கிடைத்த பொருட்களைப் பாருங்கள். துணித்துண்டுகளையும் காகிதங்களையும் கூடு கட்ட இழுத்துப்போன எலிகளின் புண்ணியத்தில் அவற்றில் பல தப்பின. வெளிமதிலில் 1999இல் அமைத்த பஞ்ச நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் கண்ணாடியில் அந்தப் பெண்களில் பலரின் பெயர்கள் உண்டு. வடிவமைத்த இருவரில் ஹொசைன் வலாமனேஷ் ஈரானிலிருந்து குடியேறியவர். அந்த நினைவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் கப்பல், வயது, சொந்த ஊர், பெற்றோர் பெயர் வரும். சிலருக்குத் திருமண விவரமும் இருக்கும். அப்படி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அவளைச் சுற்றியே ப்ராஜெக்டைக் கட்டச் சொல்லுங்கள்.

'தாக்கம் என்ன?' என்று ஆசிரியர் கேட்பார். செயின்ட் பாட்ரிக் திருநாளின் பச்சைத் தொப்பியும் பியரும் வேண்டாம். 1880க்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு மதப் பள்ளிகளுக்கான மானியத்தை நிறுத்தியபோது, அயர்லாந்திலிருந்து வந்த கன்னியர்களும் துறவியரும் கத்தோலிக்கப் பள்ளிகளைத் தாங்கிப் பிடித்தார்கள். இதை எழுதினால் போதும். இன்னும் ஒரு பத்தி வேண்டுமென்றால், 1917இல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து நின்ற, அயர்லாந்தில் பிறந்த மெல்பர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸைச் சேர்க்கலாம்.

மாலையில் நேரமிருந்தால் ரௌஸ் ஹில்லில் உள்ள காசில்புரூக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டுங்கள். 1804 மார்ச்சில் கைதிகள், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள், நடத்திய வினிகர் ஹில் கலகத்துக்கு அங்கே நினைவுச்சின்னம் உண்டு. இது கைதிகளின் கதை; தனிப் பக்கத்தில் வரட்டும்.