ஏற்காடு விடுதிக்குக் காட்டுத்தீப் பாதுகாப்பு: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய உங்கள் விடுதியின் பின்சரிவு வரை சென்ற மார்ச்சில் தீ வந்ததென்றும், இந்தக் கோடைக்கு முன் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

கட்டடங்களைப் பெரும்பாலும் பற்றவைப்பவை காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளே. ஆகவே பின்சரிவின் உண்ணிச்செடிப் புதரைவிட, கூரையின் மழைநீர்த் தகரத்தில் சேர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் சருகை முதலில் அள்ளுங்கள். சுவரைச் சுற்றி 5 அடிக்கு விறகோ மரச்சாமானோ இல்லாமல் வெறும் மண்ணாக விடுங்கள்; காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். கீற்றுக் கொட்டகை விருந்தினருக்குப் பிடிக்கும்தான். ஆனாலும் கோடையில் அதை வைத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். எல்லைக்கு அப்பால் காப்புக்காடு என்றால், வனத்துறையின் அனுமதியின்றிப் புதரை வெட்டாதீர்கள்.

மின்சாரம் நின்றாலும் ஓடும் டீசல் பம்பு ஒன்று அவசியம். சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் புகை சூழ்ந்தபின் வண்டி இறக்குவது ஆபத்து என்பதால், தீயணைப்புத் துறையின் 101-ஐ அழைத்த கையோடு விருந்தினரை அனுப்பிவிடுங்கள். குப்பனூர் வழியாக இறங்கும் மாற்றுச் சாலையையும் ஓட்டுநர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். வழக்கமான தீக்காப்பீட்டில் புதர்த்தீ சேர்ந்திருந்தாலும் காட்டுத்தீ விலக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேதம் நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் அப்புறப்படுத்தாமல் அறை அறையாகப் படமெடுங்கள். சாம்பலை உலர்வாகப் பெருக்காமல் நனைத்து அள்ளுங்கள். ஏசி வடிகட்டிகளை மாற்றி, திறந்த தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிய பிறகே முன்பதிவைத் தொடங்குங்கள்.